பூனை நடமாடும் வீடு

பூனை மூத்திரம் பெய்த கார்பெட் எந்த நொடியில் சுத்தமாகிறது? வாடை போனதுமா, கறை மறைந்ததுமா, தண்ணீர் பட்டதுமா? கார்பெட் கழுவும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. எவ்வளவு வேகமாக இழுக்கும், எத்தனை லிட்டர் பிடிக்கும், எத்தனை மணி நேரத்தில் காயும் என்றுதான் விசாரிக்கிறார்கள். நான் ஐந்து வேளை தொழுகிறவள். வீட்டில் பதினாறு வயதுப் பூனை ஒன்று இருக்கிறது. எனக்கு முதல் கேள்விதான் முக்கியம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பழைய செங்கல் வரிசை வீடு ஒன்றில். சமையலறையும் குளியலறையும் தவிர எல்லா அறையிலும், மாடிப்படியிலும்கூட, சுவரை ஒட்டிக் கார்பெட் விரித்து ஓரத்தை ஆணிப்பட்டையில் மாட்டியிருக்கிறார்கள். உருவி வெயிலில் போட முடியாது. நான் பிறந்தது காயல்பட்டினத்தில். அங்கே வீட்டுத் தரை கழுவுவதற்கென்றே போட்ட தரை. மீன் அறுக்கும் நேரம் பார்த்துத் தெருப் பூனைகள் எல்லாம் கொல்லையில் கூடிவிடும். எது எங்கே அசிங்கம் பண்ணினாலும் உம்மா இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிடுவார். தண்ணீர் வாசல்படி தாண்டி ஓடியதும் அந்த இடம் சுத்தம். அது மார்க்கச் சட்டமா, வீட்டு வழக்கமா என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை. இங்கே தண்ணீர் ஓடிப்போக வழி கிடையாது. ஊற்றினால் கீழேதான் இறங்கும்.

பூனையின் பெயர் சூடை. குட்டியாக வந்தபோது சூடை மீன் மாதிரி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மினுங்கியது, நான்தான் வைத்தேன். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகம் தளர்வது சகஜம். தண்ணீர் நிறையக் குடிக்கும், நிறையப் பெய்யும், சில வேளை மண் தட்டு வரை போய்ச்சேர அதற்கு முடியாது. அது தேர்ந்தெடுத்த இடம் முன்னறையின் தென்கிழக்கு மூலை. லெஸ்டரிலிருந்து தொழும் திசையான கிப்லா தென்கிழக்கில்தான் இருக்கிறது. நாங்கள் தொழுகை விரிப்பான முஸல்லாவை விரிக்கும் இடம் அது.

பூனையைப் பற்றி மார்க்கம் சொல்வதில் நம் வீடுகளில் பிரபலமாக இருப்பது, தன் அங்கியின் கைப்பகுதியில் தூங்கிய பூனையை எழுப்ப மனமில்லாமல் நபி (ஸல்) அந்தத் துணியை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்ற கதை. அழகான கதை, ஆனால் நம்பகமான ஹதீஸ் தொகுப்புகளில் அது இல்லை. அந்தத் தொகுப்புகளில் இருப்பது இன்னும் எளிமையானது, எனக்கு அதைவிடப் பிரியமானது. நபித்தோழர் அபூ கதாதா (ரலி) தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளு செய்யத் தண்ணீர் வாங்குகிறார். மருமகள் கப்ஷா ஊற்றிக்கொடுக்கிறார். அப்போது ஒரு பூனை வருகிறது. அவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, அது குடித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார். மருமகள் ஆச்சரியப்பட்டுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, பூனை நஜீஸ் (அசுத்தம்) அல்ல, உங்களைச் சுற்றி வந்துபோய்க்கொண்டிருக்கும் ஜீவன்களில் ஒன்று என்று நபி (ஸல்) சொன்னதை அவருக்கு எடுத்துச் சொல்கிறார்.

இதில் என்னை நிறுத்தி வைப்பது அந்தக் காரணம்தான். பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பார்த்துக்கொள்ளும் பிராணி என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. எலி தின்ற வாய் என்று எல்லாருக்கும் தெரியும். அது வந்துபோகிறது, தடுக்க முடியாது, உங்களோடு இருக்கிறது என்பதே காரணம். சட்ட அறிஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான், தவிர்க்க முடியாத சிரமம் இருக்கும் இடத்தில் சட்டம் இளகும் என்ற பொது விதியைப் பேசினார்கள். சேர்ந்து வாழ்வது சட்டத்துக்கே ஒரு காரணமாக நிற்கிறது.

ஆனால் பூனையின் வாய்க்குக் கிடைத்த இந்தச் சலுகை அதன் மூத்திரத்துக்குக் கிடையாது. ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபிலும் (சட்டப் பிரிவிலும்) அது நஜீஸ்தான். பட்ட இடத்தைக் கழுவியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு மத்ஹபும் உண்டு. காயல்பட்டினத்தார் ஷாஃபி. என் வீட்டுக்காரர் உத்தமபாளையத்து ராவுத்தர் குடும்பம், அவர்கள் ஹனஃபி. அவருடைய தாயார், என் மாமி, எங்களோடு வந்து தங்கிய கோடையில் சூடைக்கு உடம்பு மோசமாக இருந்தது. மாமி முன்னறையில் தொழ மறுத்துவிட்டார். மாடியில் ஒரு கட்டிலோரம் முஸல்லாவை விரித்துக்கொண்டார்.

"ஏம்மா, நஜீஸ் கெடக்குற வீட்டுக்குள்ள மலக்குமாருக எப்புடி வருவாக? யாருக்காச்சும் குடுத்துருங்கம்மா. வயசான ஜீவன், பாவந்தேன். ஆனா தொழுகை முக்கியமில்லையா?"

மாமி கோபத்தில் பேசவில்லை. அறுபது வருஷமாகத் தொழுகையைக் கண்ணாகக் காத்த மனுஷி. அவருக்கு உண்மையாகவே நெஞ்சு பதறியது. அதனால்தான் நானும் அதைப் பொறுப்போடு எடுத்துக்கொண்டேன். பூனையை அனுப்ப முடியாது. அந்த வயதில், அந்த நோயோடு, அதை யாரும் எடுக்க மாட்டார்கள். அப்படியானால் கார்பெட்டை உண்மையாகச் சுத்தப்படுத்த வேண்டும், மாமியின் மத்ஹபும் என் மத்ஹபும் ஏற்கும்படி. மெஷின் தேடல் அங்கிருந்து தொடங்கியது.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்தேன். ஷாஃபி மத்ஹபில் நஜீஸை நீக்குவது தண்ணீர் மட்டுமே, அதுவும் கலப்பில்லாத தண்ணீர். சோப்போ வேறெதுவோ கரைந்து தன்மை மாறிய தண்ணீருக்கு அந்தத் தகுதி போய்விடும். குறைந்த அளவுத் தண்ணீர் என்றால் நஜீஸின் மேல் தண்ணீர் வந்து விழ வேண்டும். தண்ணீருக்குள் நஜீஸைப் போடக் கூடாது. முதலில் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டால், அதன்பிறகு தண்ணீர் ஒருமுறை அதை மூடி ஓடினாலே போதும். பிழிய வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. முயன்று கழுவியும் நிறம் மட்டுமோ வாடை மட்டுமோ போகாமல் நின்றால் மன்னிப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து நின்றால் இல்லை.

ஹனஃபி மத்ஹபு வேறு பக்கம் தாராளம் காட்டுகிறது. இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்தில், நஜீஸை நீக்கக்கூடிய சுத்தமான எந்தத் திரவமும் போதும். காடிக்கும் பன்னீருக்கும்கூட அந்த வேலை ஆகும். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் ஊறிப்போனதை மூன்று முறை கழுவ வேண்டும். பிழிய முடியாத பெரிய விரிப்பு என்றால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் சொட்டுவது நிற்க வேண்டும். தரை காய்ந்து அடையாளம் மறைந்தாலே தொழலாம் என்ற சலுகையும் ஹனஃபியில் உண்டு. ஆனால் அது மண்ணுக்கும் தரைக்கும் சொன்னது, விரிப்புக்கு அதை நீட்ட முடியாது என்பதே பொதுவான கருத்து.

இரண்டையும் சேர்த்து வைத்துக் கடைக்குப் போனேன். அடுக்கியிருந்த மெஷின்களில் பாதி அப்போதே கழிந்துவிட்டன.

வெறும் வேக்குவம் கிளீனர் எதற்கும் ஆகாது. லண்டனில் ஹூபர்ட் சிசில் பூத் என்ற பொறியாளர் 1901-ல் தூசியை ஊதித் தள்ளுவதை விட்டு உறிஞ்சி எடுக்கும் மெஷினைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டுக்கு முன்னால் வெஸ்ட்மின்ஸ்டர் அபியின் கார்பெட்டை அந்த மெஷின்தான் சுத்தம் செய்தது. வழிபாட்டு இடத்துக் கார்பெட்டில்தான் அதன் பெயர் ஏறியது என்பது எனக்குச் சந்தோஷமான செய்தி. ஆனால் தூசிக்கு உறிஞ்சினால் போதும். மூத்திரத்துக்கு ஊற்றவும் வேண்டும். நுரை பூசித் தேய்க்கும் பழைய வகை ஷாம்பு மெஷின்கள் நஜீஸை அகலமாகப் பரப்புவதோடு நிற்கும். தூள் தூவிக் கூட்டி எடுப்பதில் தண்ணீரே கிடையாது. நீராவி மெஷின் பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் ஆவி என்பது மேலே ஓடும் தண்ணீர் ஆகாது. போதாக்குறைக்கு அந்தச் சூடு மூத்திரத்தின் புரதத்தையும் வாடையையும் நாரோடு இறுக்கிவிடும்.

மிஞ்சியது, தண்ணீரைப் பீய்ச்சி அந்த இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் வகை. இதில் இரண்டு டேங்க் இருக்கும். ஒன்றிலிருந்து நல்ல தண்ணீர் இறங்குகிறது. உறிஞ்சிய அழுக்குத் தண்ணீர் இன்னொன்றில் போய்ச் சேர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தண்ணீர் மேலிருந்து நஜீஸின் மீது விழ வேண்டும், விழுந்து பிரிந்துபோக வேண்டும் என்று கேட்ட சட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்க்கவில்லை. கடைப் பையனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: சோப்பு போடாமல் வெறும் தண்ணீரிலும் இது ஓடுமா? சில மாடல்களில் சோப்புத் திரவம் தனிக் குப்பியில் இருந்து தானாகக் கலக்கிறது. அதை நிறுத்தவும் ஒரு பொத்தான் இருக்கிறது. சிலவற்றில் நாமே டேங்கில் கலக்க வேண்டும். கலக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான். இரண்டும் எனக்குச் சம்மதம். நிறுத்த வழியில்லாத எதுவும் வேண்டாம்.

தள்ளிக்கொண்டு போகும் பெரிய மெஷினா, கையில் தூக்கும் சிறியதா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். வயதான பூனை உள்ள வீட்டுக்கு என் தீர்ப்பு சிறியதுதான். ஓர் அறையை முழுக்கக் கழுவ ஆண்டுக்கு ஓரிரு முறை பெரியதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த ஊரில் சூப்பர்மார்க்கெட்டுகளிலேயே கிடைக்கிறது. ஆனால் விடியற்காலைத் தொழுகையான பஜ்ருக்கு எழுந்து வந்து விளக்கைப் போட்டால் ஈரம் தெரிகிறது. அந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு வந்து ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்கிற மெஷின்தான் தொழுகையைக் காப்பாற்றும். பிரஷ் தலையைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பூனை முடி அதில் சுற்றிக்கொண்டு நாறும். (உதிர்ந்த முடி பற்றிக் கவலைப்படுகிற ஷாஃபிகளுக்கு: கொஞ்சம் ஒட்டியிருந்தால் மன்னிப்பு உண்டு, பூனை வளர்க்கிறவர்களுக்குக் கூடுதலாகவே. ஹனஃபிக்கு அந்தக் கவலையே இல்லை.)

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. கார்பெட் ஒற்றைத் துணி கிடையாது. மேலே நார், அதன் கீழே முதுகுத் துணி, அதற்கும் கீழே பஞ்சு மாதிரி ஒரு மெத்தை, அப்புறம் பலகை. மேலே உள்ளங்கை அளவு தெரியும் ஈரம் மெத்தையில் தட்டளவு பரவியிருக்கும். தண்ணீரை அளவில்லாமல் ஊற்றினால் நஜீஸும் கீழே இறங்கும், மெத்தையும் பூஞ்சை பிடிக்கும். எனவே முதலில் சமையலறைக் காகிதத்தை மடித்து வைத்து, மேலே ஏறி நின்று, காகிதம் உலர்ந்து வரும்வரை மாற்றி மாற்றி ஒற்றுகிறேன். தேய்ப்பதில்லை. அடுத்தது என்ஸைம் திரவம். மூத்திரத்தில் உள்ள யூரியா தண்ணீரோடு போய்விடும். யூரிக் அமிலம் எளிதில் கரையாது. அது நாரில் உப்பாக உறைந்து கிடந்து, மழைக்கால ஈரம் பட்டதும் மறுபடி வாடை கிளப்பும். என்ஸைம் அதை உடைக்கிறது, ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மாமியின் மத்ஹபில் இந்தத் திரவமே கழுவுதலில் ஒரு பங்காகக் கணக்காகும். என் மத்ஹபில் இது முன்வேலை மட்டும். பிறகு மெஷினில் வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி, பீய்ச்சி, உறிஞ்சி, சொட்டு நிற்கும்வரை இழுத்து, மறுபடி பீய்ச்சி, இப்படி மூன்று முறை. முதல் முறையோடு என் கடமை முடிகிறது. மூன்றாவதோடு மாமியின் கடமை முடிகிறது.

முதல் தடவை உறிஞ்சிய தண்ணீர் டேங்கில் கலங்கிய மஞ்சளாக வந்தது. மூன்றாவது தெளிவாக வந்தது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அந்த டேங்கை உற்றுப் பார்த்தார். "தண்ணி சுத்தமாத்தேன் வருது," என்றார். அன்று பிற்பகல் தொழுகையான அஸருக்குக் கீழே வந்து தொழுதார். ஆனால் சூடை வாய் வைத்த பாலை மட்டும் அவர் கடைசிவரை தொடவில்லை. ஹனஃபியில் பூனையின் எச்சில் பட்டது சிறிய அளவில் மக்ரூஹ், அதாவது விரும்பத் தகாதது. எங்களுக்கு அதுவும் இல்லை. அவர் சட்டத்தில் அவர் நின்றார். அது அவர் உரிமை.

வாங்கும்போது ஒன்றை எச்சரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மோனியா கலந்த திரவங்களைத் தவிர்த்துவிடுங்கள். பூனைக்கு அது மூத்திர வாடையாகவே தெரியும், அதே இடத்துக்குத் திரும்பி வரும். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும் கிருமிநாசினிகள் பூனைக்கு விஷம். அந்த வகை ரசாயனத்தைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. கார்பெட்டில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பூனையைப் பட்டினி போட்டுக் கட்டிவைத்த பெண் நரகம் போனாள் என்ற ஹதீஸை மதரஸாவில் படித்தவர்கள் நாம். தொழுமிடத்தைச் சுத்தப்படுத்தப் போய் அதற்கு நஞ்சு வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இன்னொன்றையும் கடையில் காட்டினார்கள்: புறஊதா டார்ச். இருட்டில் அடித்தால் பழைய மூத்திரக் கறைகளெல்லாம் பச்சை மஞ்சளாக ஒளிரும். வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் தொழுகைக்காக அதை வாங்காதீர்கள் என்பேன். உமர் (ரலி) ஒரு பயணத்தில் நீர்த்தொட்டி ஒன்றின் அருகே இறங்குகிறார்கள். உடன் வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அந்தத் தொட்டிக்காரரிடம், இங்கே காட்டு மிருகங்கள் வந்து தண்ணீர் குடிப்பதுண்டா என்று விசாரிக்கிறார். உமர் குறுக்கிட்டு, அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம், அவை குடிக்கும் இடத்துக்கு நாங்கள் போகிறோம், நாங்கள் குடிக்கும் இடத்துக்கு அவை வருகின்றன என்று தொட்டிக்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள். இது முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. தெரிந்த நஜீஸைக் கழுவு, தெரியாததைத் தோண்டாதே. உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் அசைக்காது என்பது எல்லா மத்ஹபும் ஒப்புக்கொண்ட விதி.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வஸ்வாஸ் என்ற ஓயாத சந்தேகம் பிடித்தவர்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒளு செய்து முடித்து மறுபடி செய்வார்கள், துணியைத் துவைத்து மறுபடி துவைப்பார்கள், கை தோல் உரிந்து போகும். தொழுகை நேரம் கழிவறையிலேயே கழிந்துவிடும். தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்பது சதவீதம் கிருமி சாகும் என்று அட்டையில் அச்சடித்து விற்கும் விளம்பரம், மிச்சமிருக்கும் அந்தப் புள்ளி ஒன்றைக் காட்டியே இவர்களை வதைக்கும். சட்டம் அப்படி வதைப்பதில்லை. ஒருமுறை என்கிறது, மூன்று முறை என்கிறது, அதோடு கையைக் கழுவிவிட்டுப் போ என்கிறது. கழுவுவதற்கு ஓர் எண்ணை வைத்ததே, நாம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் தொழப் போக வேண்டும் என்பதற்காகத்தான்.

இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) இதை மிக நுட்பமாகப் பார்த்திருக்கிறார். இஹ்யா உலூமித்தீனில் சுத்தம் பற்றிய பகுதியில், வெளிச்சுத்தத்திலேயே ஆயுளைக் கரைத்துவிட்டு உள்ளத்தில் பெருமையையும் பொறாமையையும் குவித்து வைத்திருப்பவர்களைக் கடிந்துகொள்கிறார். முந்திய தலைமுறையினர் வெறுந்தரையில் தொழுதார்கள், இவர்களைப்போல நுணுகி நுணுகிப் பார்க்கவில்லை என்கிறார். அவரே ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர். இருந்தும், தண்ணீர் விஷயத்தில் இமாம் ஷாஃபியின் கருத்து இமாம் மாலிக்குடையது போல இருந்திருக்கக் கூடாதா என்று மனம் திறந்து எழுதுகிறார். தண்ணீரின் தன்மை மாறாதவரை அது சுத்தம்தான் என்பது மாலிக்கின் நிலை. அதற்கு ஆதரவாகக் கஸ்ஸாலி அடுக்கும் சான்றுகளில் ஒன்று, எலி தின்பதைக் கண்ட பிறகும் பூனைக்காகப் பாத்திரத்தைச் சாய்த்தது. தன் மத்ஹபை மதித்துக்கொண்டே ஒரு மேதை ஒரு பூனையின் வாயைப் பார்த்து யோசித்திருக்கிறார். என் முன்னறைச் சிக்கல் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

இப்போது மெஷின் வாங்கியதன் மீதே ஒரு கேள்வி எழுகிறது. தொழுகை செல்லுபடியாக வீடு முழுக்கச் சுத்தமாக இருக்கத் தேவையில்லை. உடம்பு, உடை, தொழுமிடம், மூன்றும் சுத்தமாக இருந்தால் போதும். நஜீஸ் பட்டுக் காய்ந்த கார்பெட்டின் மேலே சுத்தமான, உலர்ந்த முஸல்லாவை விரித்தால் தொழுகை கூடிவிடும். உலர்ந்தது உலர்ந்ததைத் தொட்டால் நஜீஸ் ஒட்டாது. ஆக, இத்தனை பாடும் எதற்கு?

எனக்குக் கிடைத்த விடை, பூனைக்காக என்பதே. முஸல்லாவை விரித்து நஜீஸை மூடிக்கொண்டே போனால் வாடை நிற்கும். வாடை நின்றால் சூடை அங்கேயே திரும்பப் பெய்யும். வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருநாள் நாமே களைத்துப்போய், மாமி சொன்ன முடிவுக்கு வந்துவிடுவோம். கழுவத் தெரிந்த வீட்டில்தான் நோயாளி விலங்கு சாகும்வரை இருக்க முடியும். நஜீஸைப் பற்றிய சட்டங்களை விலங்குகளை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வேலியாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவற்றைத் தலைகீழாகப் படிக்கிறேன். பூனை குடித்த பாத்திரம், நாய் நக்கிய ஏனம், ஆட்டு மூத்திரம், கோழி எச்சம் என்று நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுவது, அவையெல்லாம் மனிதர் வீட்டுக்குள் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான். விலங்கை விரட்டிவிட்டால் தீர்ந்துவிடும் பிரச்சினைக்கு இத்தனை விதிகள் தேவையே இல்லை.

மதீனாப் பள்ளியில் ஒரு கிராமத்து அரபி மூத்திரம் பெய்தபோது நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். தோழர்கள் பாய்ந்து எழுகிறார்கள். நபி (ஸல்) அவர்களைத் தடுத்து, அவர் பெய்து முடிக்க விடச் சொல்கிறார்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொல்கிறார்கள். பிறகு அந்த ஆளை அழைத்து, பள்ளிவாசல் எதற்கான இடம் என்று பக்குவமாகச் சொல்கிறார்கள். அடிக்கவில்லை, வெளியேற்றவில்லை. தண்ணீர்தான் அங்கே பதிலாக வந்தது.

எங்கள் லெஸ்டரிலேயே 2008-ல் ஒன்று நடந்தது. பார்வையற்ற ஓர் இளைஞர் பள்ளிவாசலுக்கு வர வழிகாட்டி நாய் வேண்டும். நாய் விஷயத்தில் ஷாஃபி மத்ஹபு மிகக் கண்டிப்பு: ஈரத்தோடு பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்து. ஹனஃபியில் எச்சில் மட்டும் நஜீஸ் என்பது வலுவான கருத்து. மாலிக்கியில் நாய் சுத்தம். பிரிட்டனின் முஸ்லிம் சட்ட (ஷரீஅத்) கவுன்சில் யோசித்து, வழிகாட்டி நாயைப் பள்ளிக்குள் அனுமதிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. தொழும் கூடத்துக்கு வெளியே அது ஓய்வெடுக்க ஒரு தனி இடம் ஏற்பாடானது; எஜமான் தொழுதுவிட்டு வரும்வரை அது அங்கே படுத்திருக்கும். யாரும் தங்கள் மத்ஹபைக் கைவிடவில்லை. நாய்க்கு இடம் எங்கே, தொழுகைக்கு இடம் எங்கே என்று பிரித்தார்கள், அவ்வளவுதான். இந்த ஊரில் இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு என்றால் அதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மாமி ஊர் திரும்பிய பிறகும் போனில் சூடையை விசாரிப்பார். அவர் கருத்து மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் பிராணி வேண்டியதில்லை என்பதே இன்றும் அவர் நிலை. ஆனால் கழுவிய இடத்தில் தொழலாம் என்பதில் அவருக்கு இப்போது சந்தேகம் இல்லை. எனக்கு அது போதும்.

சொந்தக்காரப் பெண் ஒருத்தி, புதிதாகக் கல்யாணமாகி லண்டன் பக்கம் குடிவந்தவள், போன வாரம் கூப்பிட்டாள். "ராத்தா, குட்டி கார்பெட்ல பேஞ்சுட்டு. இவங்க அதைக் கொடுத்துடணும்ங்கறாங்க. என்ன மெஷின் வாங்கட்டும்?" அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். குட்டி தட்டை விட்டு வெளியே பெய்கிறது என்றால் முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டு. நோயாக இருக்கலாம். ஆண் குட்டி முக்கி முக்கி உட்கார்ந்தும் மூத்திரம் வரவில்லை என்றால் அன்றைக்கே ஓடு; அடைத்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. அடுத்து தட்டைப் பார். மண் தினமும் மாற்றுகிறாயா, சத்தமில்லாத மூலையில் வைத்திருக்கிறாயா? அதற்குப் பிறகு மெஷின்: இரண்டு டேங்க், வெறும் தண்ணீரில் ஓட வேண்டும், ஒற்றைக் கையில் தூக்க முடிய வேண்டும். உன் வீட்டுக்காரர் எந்த மத்ஹபு? ஹனஃபி என்றால் மூன்று முறை இழு. அவரையே பக்கத்தில் உட்கார வைத்து இழு. தண்ணீர் தெளிந்து வருவதை அவரும் பார்க்கட்டும்.